கூட்டுக்குள் மழை: குளிர்நாட்டுக் கோழிக்கூட்டின் காற்றோட்டப் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவது

தை மாத நண்பகல், ஒரு மணி இருக்கும். ரொறொன்ரோவுக்குக் கிழக்கே காணி வாங்கி, முந்தின கோடையில்தான் கோழி வளர்க்கத் தொடங்கிய தம்பி ஒருவர் போன் எடுத்தார்.

"அண்ணை, கூட்டுக்குள்ள மழை பெய்யுது."

"கூரை ஒழுகுதோ?"

"வெளியில மைனஸ் பதினெட்டு. மழை எங்கால வரும்?"

கோழிகளின் மூச்சிலிருந்துதான் வந்தது. தகரக் கூரையில் பல நாளாக உறைந்து படிந்திருந்த ஈரம், அன்றைய வெயிலில் இளகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் போனில் சொன்னதையும், பிறகு நேரில் போய்ப் பார்த்துத் திருத்தியதையும், எனக்கே என் முதல் குளிர்காலத்தில் நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் கூட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். கீழே வரும் கணக்கை மட்டும் எல்லோரும் வாசியுங்கள். மற்றது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

என் கூடு எட்டடிக்கு எட்டடி, உயரம் ஏழடி. உள்ளே 12 கோழிகள். கொள்ளளவு ஏறத்தாழ 12.7 கன மீற்றர். மைனஸ் 10 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று தாங்கக்கூடிய நீராவி இரண்டு கிராமுக்குச் சற்றுத்தான் அதிகம். ஆக, கூடு முழுவதும் உள்ள காற்றில் 30 கிராம் தண்ணீர்கூடக் கரையாது. இரண்டு மேசைக்கரண்டி! ஒரு கோழி நாளுக்குக் கால் லீற்றர் அளவில் குடிக்கிறது. 12 கோழிக்கு மூன்று லீற்றர். முட்டையில் போகும் பங்கைக் கழித்தால் மிச்சம் மூச்சாகவும் எச்சமாகவும் திரும்பி வருகிறது. மார்கழியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்தான். மீதிப் பதினைந்து மணி நேரமும் அவை கட்டையில் உட்கார்ந்து மூச்சு விடுகின்றன. அந்த இரண்டு கரண்டி இடம் மாலையிலேயே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு துளியும் யன்னலில், ஆணித் தலையில், கூரையில், கடைசியில் கொண்டையில் படியும்.

வெளியே இருக்கும் கடுங்குளிர்க் காற்று ஈரமில்லாத காற்று. உள்ளே வந்து நாலைந்து பாகை சூடேறினால் தண்ணீரை வாங்கிக்கொள்ள அதில் இடம் உண்டாகும். அதை உள்ளே விட்டு, ஈரத்தை ஏற்றி, மேலால் வெளியே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தேவையான சாமான்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக இரண்டு மலிவு ஈரப்பதமானிகள், ஒரு கட்டு ஊதுபத்தி, ஒரு அளவுநாடா, உங்கள் மூக்கு.

அறிகுறி: யன்னலில் உட்பக்கம் பனிப்பூ, கூரையிலிருந்து சொட்டு

விடிய, கதவைத் திறந்து காற்றை மாற்றுவதற்கு முன்பே ஈரப்பதமானியைப் பாருங்கள். உள்ளே 75 சதவீதத்துக்கு மேல் காட்டி, வெப்பநிலையும் வெளியைவிட ஏழெட்டுப் பாகை கூடுதலாக இருந்தால் கூடு அடைபட்டிருக்கிறது. "கூடு நல்ல கதகதப்பு" என்று சந்தோசப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். முதல் குளிர்காலத்துக்கு முன் நுரை ஸ்பிரே வாங்கி ஒரு ஓட்டை விடாமல் அடைத்தேன். வெளியே மைனஸ் 24 என்ற காலையில் உள்ளே மைனஸ் 16. எட்டுப் பாகை சம்பாதித்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு நிமிர்ந்தால், கூரையில் துருத்தியிருந்த ஆணி முனை ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் தடிப்பில் வெள்ளைப் பனிமுடிச்சு.

மூடியில்லாத துளைகள், யன்னல், கூரையோர இடைவெளி எல்லாவற்றையும் அளந்து கூட்டுங்கள். கம்பிவலைக்குப் பின்னால் பலகை அடித்திருந்தால் அது கணக்கில் சேராது. கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி திறப்பு என்பது வடக்கு நாடுகளில் சின்னக் கூடு வைத்திருப்பவர்கள் கையாளும் கைக்கணக்கு. 12 கோழிக்கு 12 சதுர அடி என்றதும் பலர் தலையைச் சொறிவார்கள். எனக்கும் அது அதிகமாகவே பட்டது. இப்போது அதற்குக் குறையக் கட்ட மாட்டேன். இவ்வளவையும் எந்நேரமும் திறந்து வைக்க வேண்டியதில்லை, கட்டும்போது இவ்வளவு இருக்க வேண்டும். பிறகு மூடிகளால் கூட்டிக் குறைக்கலாம். அறுக்காத ஓட்டையை மைனஸ் இருபதில் நின்று அறுப்பது பெரும்பாடு.

நான் செய்தது: கிழக்கிலும் மேற்கிலும் கூரை சுவரோடு சேரும் இடத்தில் ஆறங்குல உயரத்தில் ஏழடி நீளத் திறப்பு. இரண்டும் சேர்ந்து ஏழு சதுர அடி. முக்கோணச் சுவர் இரண்டிலும் முகட்டுக்குக் கீழே ஒவ்வொரு சதுர அடி. தெற்கு யன்னலில் கண்ணாடியைக் கழற்றிக் கம்பிவலை போட்டதில் மூன்று. ஆகமொத்தம் 12. எல்லாவற்றிலும் அரை அங்குலக் கட்டம் உள்ள பற்றவைத்த கம்பிவலைதான். மெல்லிய அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். ரக்கூனை வெளியே வைத்திருக்காது. ஓர் அங்குல ஓட்டை இருந்தால் கீரி மாதிரியான வீசல் என்ற சின்னப் பிராணி நுழைந்து ஒரே இரவில் கூட்டையே முடித்துவிடும்.

குளிர்காலத்தில் இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அடிக்கும். புயல் அறிவித்தால் மேற்குத் திறப்பின் மூடியை இறக்குகிறேன். கிழக்கு, அதாவது காற்று மறைவுப் பக்கம், ஐப்பசி முதல் சித்திரை வரை ஒருநாளும் மூடுவதில்லை.

கூரை வெறும் தகரம் என்றால் திறப்பு போதுமாக இருந்தாலும் கொஞ்சம் சொட்டும். தகரம் இரவு வானத்துக்கு வெப்பத்தை விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. தகரத்துக்குக் கீழே ஓர் அங்குல ரெஜிபோம் தட்டு அடித்து, அதன் உட்பக்கத்தை மெல்லிய பிளைவூட்டால் மூடுங்கள். பிளைவூட்டை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். கோழிக்கு ரெஜிபோம் என்றால் அப்படி ஒரு ஆசை. கொத்திக் கொத்தித் தின்னும்.

அறிகுறி: கதவைத் திறந்ததும் கண் எரிகிறது

இது அமோனியா. நின்றபடி மணக்காவிட்டால் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. குந்தியிருந்து, கோழியின் தலை மட்டத்தில் மூக்கை வைத்து இரண்டு மூச்சு இழுங்கள். நாள்தோறும் அதே மணத்தில் நிற்கிறவரின் மூக்கு பழகிவிடும் என்பதால் வீட்டுக்கு வந்த விருந்தாளியையும் ஒருமுறை கூட்டிப்போய்க் கேட்கலாம். (என் மச்சாள் கதவடியிலேயே திரும்பிவிட்டார். அதுவே பதில்.) கோழிக்கூட்டில் அமோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக உள்ள வரம்பு. கண் எரியும் கட்டத்தில் அந்த வரம்பு பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.

கோழி தனியாக மூத்திரம் பெய்வதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். ஈரம் கிடைத்ததும் பக்ரீரியாக்கள் அதை அமோனியாவாக்குகின்றன; தரையில் பரப்பியிருக்கும் கூளம் காய்ந்திருந்தால் இந்த வேலை மந்தமாகிவிடும். ஆகவே முதலில் கூளத்தைச் சோதியுங்கள். உட்காரும் கட்டைக்குக் கீழே நாலங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. பொடியாகப் பறந்தால் அளவு கடந்து காய்ந்திருக்கிறது. அது வேறொரு தும்மலுக்குக் காரணம்.

உருண்டை நின்றால் வரிசையாகச் செய்ய வேண்டியவை: மேலே சொன்ன திறப்புகளைச் சரிபாருங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூட்டுக்கு வெளியே, கோழிகள் பகலில் உலாவும் கூரை போட்ட அடைப்பில், அடியில் சூடாக்கும் தட்டோடு வையுங்கள். இருட்டில் கோழி குடிக்காது. இரவில் உள்ளே தண்ணீர் வைப்பதால் ஒரு பயனும் இல்லை. வைக்கலை எடுத்துவிட்டு மரச்சீவல் போடுங்கள். வைக்கல் மேலே காய்ந்த மாதிரித் தெரியும், கீழே பாய் பாயாக ஒட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். ஆழ்கூளம் ஆறங்குலத்தில் தொடங்கி, மேலே மேலே போட்டுக்கொண்டு போனால் மாசி மாதம் ஓரடிக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பலன் தந்தது எச்சப் பலகை. உட்காரும் கட்டைக்கு ஓரடி கீழே, இரண்டடி அகலத்தில் ஒரு பலகை. கூட்டுக்குள் விழும் எச்சத்தின் பெரும்பங்கு இரவில்தான் விழுகிறது, அதுவும் ஒரே வரிசையில். மைனஸ் பதினைந்தில் அது கல்லாகியிருக்கும். சுவர் சுரண்டும் தகட்டால் ஒரு தள்ளுத் தள்ளினால் கூழாங்கல் மாதிரிக் கலகலவென்று வாளிக்குள் விழும். நாளுக்கு மூன்று நிமிட வேலை. எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதை உறைந்த நிலையிலேயே வெளியேற்றிவிடுகிறோம்.

ஊர்ப் பழக்கத்தில் கூளத்துக்குச் சுண்ணாம்பு தூவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரே இல்லாத, கம்பிவலை மட்டும் அடித்த ஊர்க் கொட்டகையில் அது சரி. இங்கே மூடிய கூட்டில், ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு பட்டால் காரத்தன்மை கூடி, உள்ளே அடங்கியிருந்த அமோனியா சட்டென்று காற்றில் கிளம்பும். சாம்பலும் அப்படியே. சாம்பலைத் தனிப் பெட்டியில் மணலோடு கலந்து மண்குளியலுக்கு வையுங்கள், கோழிக்குப் பெரிய விருப்பம்.

அறிகுறி: கொண்டை நுனி வெளிறி, பிறகு கறுக்கிறது

பனிக்கடி. முதலில் நுனிகள் சாம்பல் வெள்ளையாகும், பிறகு வீங்கும், சில நாளில் கறுத்துக் காயும். பெரிய ஒற்றைக் கொண்டை உள்ள லெகோர்ன், ரோட் ஐலண்ட் ரெட் வகைகளிலும் சேவல்களிலும்தான் முதலில் தெரியும். கறுப்பு எல்லாம் பனிக்கடி என்று நினைக்க வேண்டாம். கொத்துப்பட்ட இடத்தில் காய்ந்த இரத்தமும் கறுப்புத்தான். அம்மைக் கொப்புளம் கொண்டையில் எங்கும் வரும், நுனியைத் தேடிப் போகாது. கொண்டை முழுவதும் ஊதா நிறமாகிக் கோழியும் சோர்ந்திருந்தால் வைத்தியரிடம் போக வேண்டிய நோய்.

அடுத்து, யாருக்கு, எங்கே என்று பாருங்கள். எல்லாக் கோழிக்கும் கொண்டை நுனி கறுத்தால் கூட்டின் ஈரம் காரணம். கொண்டை நன்றாக இருந்து, தாடி (அலகுக்குக் கீழே தொங்கும் சதை) மட்டும் கறுத்தால் தண்ணீர்ப் பாத்திரம் காரணம்: அகன்ற வாய் உள்ள பாத்திரத்தில் குடிக்கும்போது தாடி நனைந்து உறைகிறது. அலகு மட்டும் போகிற ஒடுங்கிய வாய் அல்லது முலைக்காம்பு வகைக் குடிப்பான் வைத்தால் நின்றுவிடும். கட்டையின் ஒரு நுனியில் உட்காருகிற கோழிக்கு மட்டும் என்றால் அந்த நுனியில் ஊதல் காற்று இருக்கிறது. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

கடிபட்ட கொண்டையைத் தேய்க்காதீர்கள், தலைமயிர் உலர்த்தியால் சூடு காட்டாதீர்கள், கறுத்த நுனியை வெட்டாதீர்கள். அது கீழே உள்ள உயிர்ச்சதைக்கு மூடி, தானாக உதிரும். வாசிலின் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் இரண்டு குளிர்காலம் பூசினேன். கூடு ஈரமாக இருந்த வருசம் பூசியும் கறுத்தது, கூடு காய்ந்த வருசம் பூசாத கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு விட்டுவிட்டேன்.

புதிதாகக் குஞ்சு வாங்குகிறவர்கள் சாந்தெக்லேர் வகையைத் தேடிப் பாருங்கள். கியூபெக்கில் ஓகா என்ற ஊரின் மடத்தில் சகோதரர் வில்ஃபிரட் சாத்தலன் என்ற துறவி, கனடாக் குளிருக்கென்றே பல இனங்களைக் கலந்து உருவாக்கியது. 1921இல் அமெரிக்கக் கோழிவளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. கொண்டை தலையோடு ஒட்டிய சிறு மெத்தை மாதிரி, தாடி இருக்கிறதா என்று தேட வேண்டும். கடிக்கிறதற்குப் பனிக்கு இடமே கொடுக்கவில்லை அந்தத் துறவி.

அறிகுறி: கட்டையில் ஏறாமல் மூலையில் ஒடுங்குகின்றன

கோழி உடம்பின் சூடு 41 பாகை அளவில். இறகைச் சிலிர்த்து, இடையில் காற்றைப் பிடித்துவைத்து, அதைக்கொண்டே மைனஸ் இருபதையும் தாங்கும். வாடை அந்த இறகைப் பிரித்துவிட்டால் மெத்தையே போய்விட்டது. காற்றோட்டம் வேண்டும், ஊதல் வேண்டாம் என்பது கேட்கக் குழப்பமாக இருக்கும். காற்று தலைக்கு மேலால் போக வேண்டும், முதுகில் படக் கூடாது.

கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். காற்றடிக்கிற ஒரு மாலையில், கோழிகள் உள்ளே வர முன், ஒரு குச்சியைக் கொளுத்தி உட்காரும் கட்டையின் உயரத்தில் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நடவுங்கள். சாம்பல் கீழே விழாமல் ஒரு பேணியை அடியில் பிடியுங்கள், கீழே கிடப்பது தீப்பிடிக்கும் மரச்சீவல். புகை நேராக எழும்பி, தலைக்கு மேலே போய் மெல்லச் சாய்ந்து துவாரத்தால் வெளியேறினால் கூடு சரி. கட்டை மட்டத்திலேயே புகை படுத்துக்கொண்டு ஓடினால் அந்த இடத்தில் ஊதல் இருக்கிறது. புகை அசையாமல் திரளாக நின்றால் முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

தம்பியின் கூட்டில் இந்தச் சோதனையைச் செய்தபோது புகை கட்டையின் வடக்கு முனையில் கத்தி மாதிரி மடிந்தது. கீழே தேடினால் கோழி வெளியே போகும் சின்னக் கதவு சட்டத்தோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி. மேலே ஒரு துவாரமும் இல்லை, கீழே ஓர் இடைவெளி: மழையும் வாடையும் ஒரே கூட்டில். கீழ் இடைவெளிக்கு ரப்பர் பட்டி ஒட்டினோம், மேலே இரண்டு பக்கமும் அறுத்தோம். அறுக்கும்போது தம்பியின் மனைவி வாசலில் நின்று, "குளிருக்குள்ள இருக்கிற சீவனுக்குச் சுவரை வெட்டிறியளே" என்று திட்டிக்கொண்டிருந்தா. மூன்றாம் நாள் ஈரப்பதம் 62க்கு வந்ததை அவவே படம் எடுத்து அனுப்பினா.

கட்டையின் உயரத்தையும் பாருங்கள். உட்கார்ந்த கோழியின் தலைக்கும் திறப்பின் கீழ் விளிம்புக்கும் இடையில் ஓரடியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டையை இறக்குங்கள், துவாரத்தை அடைக்காதீர்கள். கட்டை உருண்டைக் கம்பாக இருக்க வேண்டாம். இரண்டுக்கு நாலங்குலச் சட்டத்தை அகலப் பக்கம் மேலே வருமாறு போட்டால் கோழி விரல்களைத் தட்டையாக வைத்து இறகால் மூடிக்கொள்ளும்.

முன்பக்கச் சுவரே இல்லாமல் விட்ட கூடுகளும் இந்தக் குளிரில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில் வுட்ஸ் என்ற மருத்துவர் பரப்பிய வடிவம் அது. தெற்கு முகம் முழுக்கக் கம்பிவலை, மற்ற மூன்று பக்கமும் இறுக்கமாக மூடல், கூடு அகலத்தைவிட ஆழம் அதிகம், கட்டை பின்சுவரோடு. பின்னால் காற்றுக்குப் போக வழி இல்லாததால் முன்னால் வருகிற காற்று உள்ளே பாய்வதில்லை. பத்தடிக்குப் பதினாறடி இடம் இருப்பவர்கள் அதையே கட்டலாம் என்பது என் எண்ணம்.

அறிகுறி: துவாரத்துக்குக் கீழே பனித்தூள் குவிகிறது

துவாரத்தை மூடாதீர்கள். வெளியே சரிவான பலகை மறைப்பு ஒன்று, கீழ்நோக்கித் திறந்தபடி அடித்தால் பனித்தூளில் பெரும்பகுதி நின்றுவிடும். மிச்சத்துக்கு உள்ளே தளர்வாக ஒரு சணல் சாக்கு தொங்கவிடலாம். நுளம்பு வலை மாதிரி நுண்வலை வேண்டாம். வெளியேறும் ஈரம் அதில் உறைந்து இரண்டே இரவில் சுவராகிவிடும். அரை அங்குலக் கம்பிவலையிலும் கடும் இரவுகளில் பனி கட்டும், விளக்குமாற்றால் தட்டிவிடுங்கள்.

அறிகுறி: வெப்ப விளக்குப் போட்டும் ஈரம் கூடுகிறது

விளக்கின் சூடு கூளத்தில் உறைந்திருந்த தண்ணீரை இளக்கி ஆவியாக்கும்; அந்த ஆவி குளிர்ச் சுவரில் போய்ப் படியும். கூடு மேலும் நனையும், நீங்கள் இன்னொரு விளக்கு வாங்குவீர்கள். 250 வாட்ஸ் விளக்கு, காய்ந்த மரச்சீவல், பறக்கிற கோழி மூன்றும் ஒரே அறையில் இருப்பதை நினைத்தாலே எனக்கு நித்திரை வராது. 2013 மார்கழி ஐஸ் புயலில் ரொறொன்ரோப் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. விளக்குச் சூட்டுக்குப் பழகிய கோழி அப்படி ஓர் இரவில் என்ன செய்யும்? வளர்ந்த, இறகு முளைத்த கோழிக்கு விளக்கைக் கழற்றுங்கள், ஆனால் கார்த்திகைக்கு முன் கழற்றுங்கள். நடுக்குளிரில் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முட்டைக்காக வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு சின்ன எல்.ஈ.டி. குமிழை விடியப்புறம் எரியவிட்டால் போதும், பகலோடு சேர்த்து 14 மணி நேரம் வந்தால் சரி.

அறிகுறி: தும்மல்

கூளம் பொடியாகப் பறந்தால் தூசி. கண்ணில் நீரும் சேர்ந்தால் அமோனியா. மூக்கில் சளி, முகவீக்கம், கரகர மூச்சு என்றால் தொற்று, காற்றோட்டத்தால் மட்டும் தீராது. திடீரென்று பல கோழிகள் செத்தால் ஒன்றையும் தொடாமல் கனடிய உணவுப் பரிசோதனை முகமைக்கு அறிவியுங்கள். 2022 முதல் ஒன்ராறியோவில் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டு வருகிறது, அறிவிப்பது சட்டக் கடமை.

அறிகுறி: குளிர்காலம் முழுக்க நன்றாக இருந்து, பங்குனியில் நாறுகிறது

இதற்கு யாரும் ஆயத்தமாக இருப்பதில்லை. மூன்று மாதமாக உறைந்து கிடந்த கூளம் ஒரு வாரத்தில் இளகுகிறது. வெளியே இரண்டு பாகை, நசநசவென்று மழை, ஈரப்பதம் 95. இப்போது வெளிக் காற்றிலும் இடமில்லை. எவ்வளவு திறந்தாலும் கூடு காயாது. மைனஸ் இருபதில் உங்களைக் காப்பாற்றிய கணக்கு இரண்டு பாகையில் கைவிட்டுவிடும். ஆகவே மாசிக் கடைசியில், இன்னும் உறைந்திருக்கும்போதே, கட்டைக்குக் கீழே உள்ள கூளத்தைச் சவளால் பாளம் பாளமாகப் பெயர்த்து வெளியே குவித்துவிடுங்கள். மேலே நாலங்குலம் புதுச் சீவல். மேற்கு மூடியையும் அன்றைக்கே கழற்றி கராஜில் வைத்துவிடலாம், மூடியில் எந்தப் பக்கம் மேல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு.